ஒரு போர்ட்டுக்கு ரெண்டு முதலாளி: நெட்வொர்க் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். கேபிள் டிவியில் தொடங்கி, அப்புறம் ஃபைபர் இழுத்து, இப்போது ஊருக்கே இன்டர்நெட் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் நம் கொங்குப் பக்கத்தில் நிறையப் பேர். அவர்களில் சிலர் விலை கூடின ரூட்டரை விட்டுவிட்டு, ஒரு சர்வரை வாங்கி அதில் விபிபி என்ற, சர்வரையே ரூட்டராக்குகிற மென்பொருளைப் போட்டு ஓட்டிப் பார்க்கிறார்கள். ஓட்டியவுடன் முதலில் முட்டுகிற இடமும் எல்லோருக்கும் ஒன்றுதான்: விபிபி வைத்திருக்கிற போர்ட்டும் லினக்ஸ் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பார்க்கிற போர்ட்டும் ஒத்துப்போக மாட்டேன் என்கின்றன. வைஃபை, கேமரா பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"ஏனுங்க, விபிபி ஸ்டார்ட் ஆனதும் லினக்ஸில் 'ஐபி லிங்க்' அடித்தால் ரெண்டு பத்து கிக் போர்ட்டும் காணோம். கார்டு போயிருச்சா? பிஜிபிக்கு எஃப்ஆர்ஆர் போட்டிருக்கேன், அதுக்கும் போர்ட் தெரியலை."
வாசகர், பெருந்துறை

கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்களே அதை எடுத்து விபிபி கையில் கொடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். (புதியவர்களுக்கு: பிஜிபி என்பது ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று ரூட், அதாவது வழி, சொல்லிக்கொள்கிற முறை. எஃப்ஆர்ஆர் அதை லினக்ஸில் பேசுகிற மென்பொருள்.)

10 கிக் போர்ட் ஒன்றில் மிகச் சின்ன அளவான 64 பைட் பாக்கெட்டுகளாகவே வந்து குவிந்தால் நொடிக்குச் சுமார் 1.488 கோடி பாக்கெட் வரும். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கிற நேரம் 67 நானோ செகண்ட். சாதாரண சர்வரில் கெர்னல் தன் வழக்கமான வழியில் அதற்கு ஈடுகொடுப்பது கஷ்டம். அதனால்தான் டிபிடிகே என்று ஒன்று வந்தது. அது கார்டைக் கெர்னலிடமிருந்து பிடுங்கி நேராக ஒரு சாதாரண புரோகிராமிடம் கொடுத்துவிடுகிறது. விபிபி அந்த மாதிரி ஒரு புரோகிராம்தான். சிஸ்கோவில் உருவாகி, 2016-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் எஃப்டி.ஐஓ என்ற திட்டத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஒரு பாக்கெட்டை எடுத்து எல்லா வேலையும் முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பது அதன் வழக்கம் இல்லை. 256 வரைக்கும் ஒரே கட்டாகச் சேர்த்துக்கொண்டு, மொத்தக் கட்டுக்கும் முதல் வேலை, அப்புறம் மொத்தக் கட்டுக்கும் இரண்டாம் வேலை என்று தள்ளிக்கொண்டே போகும். பிராசசரின் கேஷ் ஒரே வேலைக்குச் சூடாக இருப்பதால் வேகம் வருகிறது.

ஈரோடு மஞ்சள் மண்டியைப் பார்த்திருந்தால் இது சட்டென்று பிடிபடும். மூட்டை தூக்குகிறவர்கள் குடோனில். விலை, பாக்கி, யாருக்கு எத்தனை மூட்டை என்பதெல்லாம் வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிற கணக்குப்பிள்ளையிடம். அவர் ஒரு மூட்டையையும் தொடமாட்டார், ஆனால் அவர் சொல்லாமல் ஒரு மூட்டையும் நகராது. உங்கள் சர்வரில் மூட்டை தூக்குவது விபிபி, கணக்கு எழுதுவது எஃப்ஆர்ஆர். இப்போது நீங்கள் செய்திருப்பது என்னவென்றால், குடோனைப் பூட்டிச் சாவியை உள்ளே இருப்பவர்களிடமே கொடுத்துவிட்டு, கணக்குப்பிள்ளையைத் தெருவில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

இடையில் ஒரு ஜன்னல் வைக்க வேண்டும். அதுதான் விபிபியோடு வருகிற லினக்ஸ் கண்ட்ரோல் பிளேன் பிளகின். அது இரண்டு துண்டு: லினக்ஸ்-சிபி, லினக்ஸ்-என்எல். இரண்டுமே சும்மா இன்ஸ்டால் செய்தால் அணைந்துதான் கிடக்கும், ஸ்டார்ட்அப் கான்ஃப் கோப்பில் பிளகின் பகுதியில் போய் இரண்டையும் எனேபிள் செய்ய வேண்டும் (வந்த கடிதங்களில் மூன்று பேர் முதலாவதை மட்டும் எனேபிள் செய்துவிட்டு ரூட் வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்). அப்புறம் விபிபி கமாண்ட் லைனில் 'எல்சிபி கிரியேட்', போர்ட்டின் பெயர், 'ஹோஸ்ட்-இஃப்', லினக்ஸில் என்ன பெயரில் தெரிய வேண்டுமோ அது. ஈ0 என்று வைத்தீர்கள் என்றால், லினக்ஸில் ஈ0 என்று ஒரு டாப் (tap) இன்டர்ஃபேஸ், அதாவது மென்பொருளாலேயே ஆன போர்ட், முளைக்கும். அது நிஜ போர்ட் இல்லை, நிஜ போர்ட்டின் நிழல். மேக் முகவரி அதேதான்.

அப்புறம் நடப்பது இது. வெளியிலிருந்து வருகிற பாக்கெட் உங்கள் ரூட்டரின் சொந்த ஐபிக்கு வந்ததாக இருந்தால், அதாவது பிஜிபி பேச வந்தது, எஸ்எஸ்ஹெச் வந்தது, அதை விபிபி ஜன்னல் வழியாக ஈ0-க்குத் தள்ளிவிடும். எஃப்ஆர்ஆர் பதில் எழுதி ஈ0-வில் போட்டால் அதை அப்படியே நிஜ போர்ட்டில் வெளியே அனுப்பிவிடும். எஃப்ஆர்ஆர் கற்றுக்கொண்ட ரூட்டுகளைக் கெர்னலில் எழுதும். கெர்னல் அதை நெட்லிங்க் என்கிற வழியில் ஊரறியச் சொல்லும், லினக்ஸ்-என்எல் காதைத் தீட்டி வைத்துக் கேட்டு விபிபியின் ரூட் டேபிளில் எழுதிவிடும். வாடிக்கையாளரின் யூட்யூப் பாக்கெட் ஒன்றுகூட கெர்னல் பக்கம் எட்டிப் பார்க்காது.

"ஈ0-வில் டிசிபிடம்ப் போட்டால் பிஜிபியும் ஏஆர்பியும்தான் தெரியுது. கஸ்டமர் டிராஃபிக் ஒண்ணும் தெரியலை. ஐபிடேபிள்ஸில் ஒரு ஐபியை பிளாக் பண்ணினேன், அதுவும் வேலை செய்யலை."
வாசகர், பவானி

டிசிபிடம்ப் போகிற வருகிற பாக்கெட்டைப் பிடித்துக் காட்டுகிற கருவி, ஐபிடேபிள்ஸ் லினக்ஸின் தடுப்புச் சுவர். மேலே சொன்னதிலேயே பாதி பதில் இருக்கிறது. ஈ0 நிழல். நிழலில் வாடிக்கையாளர் பாக்கெட் போகாது, அதனால் டிசிபிடம்புக்கும் தெரியாது, ஐபிடேபிள்ஸுக்கும் அகப்படாது. 'ஐபி மைனஸ் எஸ் லிங்க்' அடித்து வருகிற பைட் கணக்கை வைத்து கிராஃப் போட்டிருந்தால் அதுவும் தப்பு, கண்ட்ரோல் டிராஃபிக் மட்டும்தான் அதில் ஏறும். நிஜக் கணக்கு விபிபியின் 'ஷோ இன்டர்ஃபேஸ்' கட்டளையில். பாக்கெட் பிடிக்க விபிபியிலேயே பிகேப் டிரேஸ் இருக்கிறது, அது எழுதுகிற கோப்பை வயர்ஷார்க்கில் திறந்துகொள்ளலாம். பிளாக் செய்வதற்கு விபிபியின் ஏசிஎல் (யாரை விடலாம், யாரைத் தடுக்கலாம் என்ற பட்டியல்) பிளகின். ஐபிடேபிள்ஸை அழித்துவிடாதீர்கள், ரூட்டரின் சொந்த எஸ்எஸ்ஹெச், பிஜிபி போர்ட்டுகளைக் காக்க அது இன்னும் வேண்டும்.

"பில் கட்டாத பார்ட்டியின் விலானை டவுன் பண்ணி வெச்சிருந்தோம். ராத்திரி மெயின் இன்டர்ஃபேஸை ஒரு தடவை இறக்கி ஏத்தினோம். காலையில் பார்த்தா அந்தப் பார்ட்டிக்கு நெட் ஜம்முனு ஓடுது. யாரும் தொடலைங்க. எப்படி?"
வாசகர், திருப்பூர்

இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன், ஏனென்றால் இதே அடியை நானும் வாங்கியிருக்கிறேன். பல்லடம் பக்கம் ஒரு சின்ன இணைய நிறுவனம், பெயர் வேண்டாம். ராத்திரி ஒரு மணிக்கு மேல் வேலை. ஏதோ ஒரு சந்தேகத்துக்காக லினக்ஸில் ஈ0-வை டவுன் செய்தேன், பத்து நொடி கழித்து அப் செய்தேன், பிஜிபி ஏறிவிட்டது, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலை ஏழரைக்கு அவர்கள் முதலாளி போன்: "காசு குடுக்காத மில்லுக்கு எதுக்குங்க லைன் போட்டு உட்டீங்க?" நான் எந்த மில்லுக்கும் லைன் போடவில்லை என்று சத்தியம் செய்தேன். லாக்கைப் பார்த்தால் என் கை வேலைதான்.

நடந்தது இதுதான். விலான் என்பது ஒரே போர்ட்டை எண் போட்டுப் பல தனி லைன்களாகப் பிரிப்பது. லினக்ஸில் விலான் இன்டர்ஃபேஸ் எல்லாம் தாய் இன்டர்ஃபேஸின் பிள்ளைகள். தாயை டவுன் செய்தால் கெர்னல் எல்லாப் பிள்ளைகளையும் டவுன் செய்யும், சரி. தாயை அப் செய்தால் எல்லாப் பிள்ளைகளையும் அப் செய்துவிடும். இதில் எது ஏற்கெனவே டவுனில் இருந்தது, எதை யார் வேண்டுமென்றே நிறுத்தி வைத்தார்கள் என்ற ஞாபகம் கெர்னலுக்குக் கிடையாது. விபிபி வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு சப்-இன்டர்ஃபேஸுக்கும் (விலான் பிள்ளைக்கு அங்கே அதுதான் பெயர்) தனி சுவிட்ச். தாய் டவுனில் கிடக்கும்போதும் பிள்ளை அப் என்று காட்டும், தாயை ஏற்றினாலும் இறக்கினாலும் பிள்ளையின் சுவிட்சை அது தொடாது.

இப்போது இரண்டையும் லினக்ஸ்-என்எல் கொண்டு கட்டியிருக்கிறீர்கள். ஈ0 அப் ஆனவுடன் கெர்னல் தன் பழக்கத்துக்கு ஈ0.214-ஐயும் (நிறுத்தி வைத்த விலானின் எண் 214 என்று வைத்துக்கொள்வோம்) அப் செய்து, அதை நெட்லிங்கில் அறிவிக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கிற லினக்ஸ்-என்எல்லுக்கு இது கெர்னல் தானாகச் செய்ததா, நீங்கள் கட்டளை போட்டுச் செய்ததா என்று தெரிய வழியே இல்லை. அப் என்று காதில் விழுந்தது, விபிபியிலும் அப் செய்துவிட்டது. பில் கட்டாதவர் உள்ளே வந்துவிட்டார்.

இதே வேலையை விபிபி பக்கத்திலிருந்து செய்திருந்தால் கதை வேறு. 'எல்சிபி-சிங்க்' என்ற வசதியை ஆன் செய்து வைத்திருந்தால், விபிபியில் தாயை ஏற்றும்போது பிளகின் லினக்ஸில் ஈ0-வை ஏற்றும். அதோடு விடாமல் பிள்ளைகளை வரிசையாகச் சுற்றிவந்து, விபிபியில் எது எப்படி இருக்கிறதோ அப்படியே லினக்ஸிலும் மறுபடி வைத்துவிடும். கெர்னலின் இந்தக் குணம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இன்னொன்றும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது: இன்டர்ஃபேஸ் டவுன் ஆனால் லினக்ஸ் ஐபிவி4 முகவரியை அப்படியே வைத்திருக்கும், ஆனால் ஐபிவி6 முகவரியைத் துடைத்துவிடும், திரும்ப அப் ஆகும்போது தானாக வைக்காது. அதனால் அந்தச் சுற்றில் முகவரிகளையும் சேர்த்தே திரும்ப எழுதுகிறார்கள். நீங்கள் லினக்ஸ் பக்கமிருந்து இறக்கினீர்கள் என்றால் இந்த உபகாரம் கிடைக்காது. கெர்னல் ஐபிவி6-ஐத் துடைக்கும், துடைத்ததையும் அறிவிக்கும், விபிபியும் நல்ல பிள்ளையாகத் துடைத்துவிடும். லினக்ஸில் 'கீப் அட்ரஸ் ஆன் டவுன்' என்று ஒரு சிஸ்சிடிஎல் (கெர்னல் அமைப்பு) இருக்கிறது, அதை 1 என்று வைத்தால் நீங்கள் கையால் போட்ட முகவரிகள் பிழைக்கும். உங்கள் ஐபிவி6 வாடிக்கையாளர்கள் இன்னும் போன் செய்யவில்லை என்றால், ஒன்று உங்களிடம் ஐபிவி6 இல்லை, இல்லாவிட்டால் அவர்கள் ஐபிவி4-லேயே ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். போர்ட், விலான், எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு), முகவரி எல்லாம் விபிபியில் மட்டும் தொடுவேன். லினக்ஸில் எஃப்ஆர்ஆர் மட்டும், அதுவும் ரூட் மட்டும். லினக்ஸ் பக்கம் 'ஐபி லிங்க் செட்' என்று யார் அடித்தாலும் எனக்குச் சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். எதிர் வழியையும் சிலர் விரும்புகிறார்கள், எல்லாம் லினக்ஸில், விபிபி வெறுமனே கேட்டு நடக்கட்டும் என்று. அதுவும் ஓடும், ஐபி கட்டளை பழகிய பையன்களுக்கு அது லேசு. காலையில் இங்கே, சாயங்காலம் அங்கே என்று மாற்றி மாற்றிக் கை வைப்பதுதான் வம்பு.

பில் கட்டாதவர் விஷயத்துக்கு வருவோம். டவுன் செய்வதைப் பூட்டு என்று நம்பாதீர்கள். அந்த சப்-இன்டர்ஃபேஸையே அழித்துவிடுங்கள், இல்லையென்றால் ஏசிஎல்லில் தடுங்கள். லினக்ஸில் விலானுக்கு 'லூஸ் பைண்டிங்' என்று ஒரு அமைப்பு உண்டு, அதை ஆன் செய்தால் தாயின் ஏற்ற இறக்கம் பிள்ளையைப் பாதிக்காது. ஆனால் இருநூறு விலானில் யாருக்குப் போட்டோம், யாருக்குப் போடவில்லை என்று ஞாபகம் வைத்திருப்பதற்கு அழித்துவிடுவது மேல்.

"காற்றாலை சைட்டுக்குப் போகும் லிங்கில் எம்டியு 9000. டெஸ்ட் பண்ண மெயின் போர்ட்டை 1500 ஆக்கிட்டு, திரும்ப 9000 ஆக்கிட்டேன். அதுக்கப்புறம் ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்ஸ்டார்ட்டிலேயே நிக்குது."
வாசகர், உடுமலைப்பேட்டை

எங்கே டெஸ்ட் செய்தீர்கள் என்று எழுதவில்லை, லினக்ஸில்தான் செய்திருப்பீர்கள். அங்கே பிள்ளையின் எம்டியு தாயைவிடப் பெரிதாக இருக்க முடியாது. தாயை 1500 ஆக்கியபோது 9000-ல் இருந்த விலான்கள் எல்லாம் 1500-க்கு இறக்கப்பட்டன. தாயைத் திரும்ப 9000 ஆக்கியபோது அவற்றை யாரும் ஏற்றவில்லை, கெர்னல் இறக்க மட்டும்தான் செய்யும். எதிர்முனை 9000 என்கிறது, உங்கள் விலான் 1500 என்கிறது, ஓஎஸ்பிஎஃப் (உள் நெட்வொர்க்கில் ரூட்டர்கள் வழி சொல்லிக்கொள்கிற முறை) வணக்கம் சொன்ன பிறகு விவரம் பரிமாறத் தொடங்கும்போதே இந்த எண்ணைச் சரிபார்க்கும், ஒத்துவராவிட்டால் அங்கேயே, அதாவது எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே, நின்றுவிடும். விபிபியில் 'ஷோ இன்டர்ஃபேஸ்', லினக்ஸில் 'ஐபி லிங்க்', இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த ஒரு விலானின் எண்ணைப் பாருங்கள். எது சின்னதோ அதை ஏற்றுங்கள். ஐந்து நிமிட வேலை.

"விபிபியில் மாற்றினால் லினக்ஸுக்குச் சொல்லும், லினக்ஸ் மாறினால் விபிபிக்குச் சொல்லும் என்றால், இவன் அவனுக்குச் சொல்ல அவன் இவனுக்குச் சொல்ல என்று சுற்றிக்கொண்டே இருக்காதா?"
வாசகர், கோபிசெட்டிபாளையம்

நல்ல கேள்வி. சுற்றும், தடுக்காவிட்டால். விபிபி லினக்ஸில் ஈ0-வை அப் செய்கிறது. கெர்னல் 'ஈ0 அப்' என்று அறிவிக்கிறது. லினக்ஸ்-என்எல் அதைக் கேட்டு விபிபியில் அப் செய்யப் போகிறது. விபிபியில் மாற்றம் வந்ததே என்று எல்சிபி-சிங்க் மறுபடி லினக்ஸுக்கு ஓடுகிறது. ஒரே நிலைதான் என்றால் இது சும்மா வெட்டி வேலை. இடையில் யாராவது வேகமாக அப், டவுன், அப் என்று தட்டிவிட்டால்தான் வினை: பழைய செய்தி தாமதமாக வந்து புது நிலையைக் கவிழ்க்கும், அது ஒரு புதுச் செய்தியைக் கிளப்பும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி ரொம்ப எளிமை. நெட்லிங்க் செய்திகளைப் படித்து விபிபியில் எழுதிக்கொண்டிருக்கும் நேரம் வரைக்கும், விபிபியிலிருந்து லினக்ஸுக்குப் போகிற சிங்கை அணைத்து வைத்துவிடுகிறார்கள். படித்து முடித்ததும் திரும்ப ஆன். ஒருவர் சொல்லும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது, எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் கிடைக்காத ஒழுங்கு.

செய்திகளைக் கட்டுக் கட்டாக எடுத்துச் செய்துவிட்டுச் சற்று மூச்சுவிட்டு அடுத்த கட்டை எடுக்கும், ஏனென்றால் அதே புரோகிராமுக்கு வேறு வேலையும் இருக்கிறது. சாதாரண நாளில் இது போதும். முழு பிஜிபி டேபிள், அதாவது இன்டர்நெட்டின் மொத்த ரூட் பட்டியல், வாங்குகிறவர்களுக்குத்தான் சோதனை. ஐபிவி4-ல் மட்டும் சுமார் 10 லட்சம் ரூட். செஷன் ஏறியதும் எஃப்ஆர்ஆர் அத்தனையையும் மளமளவென்று கெர்னலில் கொட்டும், கெர்னல் அத்தனையையும் நெட்லிங்கில் அறிவிக்கும், கேட்கிறவரின் பஃபர் நிரம்பினால் மீதிச் செய்தி கீழே கொட்டிவிடும். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்ட முதல் நாள், தலைமடையில் மதகு முழுசாகத் திறந்திருக்க, நம் வயல் மடையை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி வைத்திருந்தால் என்ன ஆகுமோ அதுதான். கொட்டிப்போனால் லினக்ஸில் இருக்கிற ரூட் விபிபியில் இருக்காது, யாராவது ஒரு வெப்சைட் மட்டும் திறக்கவில்லை என்று சொல்லும் வரை உங்களுக்குத் தெரியவும் தெரியாது. புதிய பதிப்புகளில் செய்தி தவறியதைக் கண்டுபிடித்து மொத்தத்தையும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்கிறது, அதற்காகப் பஃபரைச் சின்னதாக வைக்க வேண்டும் என்றில்லை. லினக்ஸ்-என்எல் பகுதியில் அதன் அளவைக் கூட்டலாம். மெமரிக்குக் கஞ்சத்தனம் காட்ட வேண்டிய இடம் இது இல்லை. செஷன் ஏறியதும் இரண்டு பக்கமும் ரூட் எண்ணிக்கையை எண்ணி ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை, தெரிந்துகொள்ள வேண்டியது. இன்டர்ஃபேஸ் டவுன் ஆனால் அதன் வழியாகப் போகிற ஐபிவி4 ரூட்டுகளைக் கெர்னல் தூக்கிவிடும், ஆனால் ஒவ்வொன்றாக 'இதைத் தூக்கினேன்' என்று சொல்லாது. லிங்க் டவுன் என்று ஒரு வரி, அவ்வளவுதான், மீதியைக் கேட்கிறவரே புரிந்துகொண்டு தூக்க வேண்டும். கணக்குப்பிள்ளை 'கடை அடைச்சாச்சு' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது மாதிரி.

"விபிபி போர்ட் பெயரையே லினக்ஸிலும் வைத்தால் குழப்பம் இருக்காதே, எதற்கு ஈ0, ஈ1?"
மாணவர், கோவை

வைக்க முடியாது. லினக்ஸில் இன்டர்ஃபேஸ் பெயர் 15 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, சாய்வுக்கோடும் கூடாது. விபிபியின் பெயர் 'ஹண்ட்ரட் கிகாபிட் ஈதர்நெட்' என்று நீட்டி முழக்கி, பிறகு இரண்டு சாய்வுக்கோட்டோடு எண்கள்.

"விபிபியில் விலான் 300 போட்டேன், லினக்ஸில் ஈ0.300 வரவே இல்லை. மத்ததெல்லாம் வந்திருக்கு."
வாசகர், தாராபுரம்

இரண்டு காரணம் இருக்கலாம். விபிபியில் அந்த சப்-இன்டர்ஃபேஸைப் போடும்போது டாட்1கியூ 300 (டாட்1கியூ என்பது விலான் எண்ணைப் பாக்கெட்டில் ஒட்டுகிற தரம்) என்று எழுதிவிட்டு 'எக்ஸாக்ட்-மேட்ச்' என்ற சொல்லை விட்டிருப்பீர்கள், அது இல்லாததற்கு நிழல் போட்டுத் தராது. இல்லையென்றால் வரிசை தப்பு. 'எல்சிபி-ஆட்டோ-சப்இன்ட்' ஆன் செய்திருந்தாலும், தாய்க்கு எல்சிபி கிரியேட் செய்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்குத்தான் தானாக நிழல் வரும். அதற்கு முன்னால் போட்டதற்குத் தனியாக ஒரு எல்சிபி கிரியேட் கொடுக்க வேண்டும்.

கடிதத்தின் கடைசியில் ரீஸ்டார்ட் ஆனால் எல்லாம் போய்விடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், போகும். விபிபி கமாண்ட் லைனில் அடித்தது எதையும் அது எழுதி வைத்துக்கொள்ளாது. விபிபி நின்றால் டாப்பும் லினக்ஸிலிருந்து மறைந்துவிடும், அதன் மேல் இருந்த முகவரியும் பிஜிபியும் கூடவே. எல்லாக் கட்டளையையும் ஒரு கோப்பில் எழுதி, ஸ்டார்ட்அப் கான்ஃபின் யுனிக்ஸ் பகுதியில் 'எக்ஸெக்' என்று அந்தக் கோப்பைக் காட்டிவிடுங்கள். கோப்பில் முதலில் சிங்கும் ஆட்டோ-சப்இன்ட்டும் ஆன், அப்புறம் தாய்களுக்கு எல்சிபி கிரியேட், அப்புறம் விலான்கள், கடைசியில் எம்டியு, முகவரி, அப். எஃப்ஆர்ஆர் சர்வீஸை விபிபி கிளம்பியதற்குப் பிறகு கிளம்பும்படி வையுங்கள். எழுதியதும் பகலிலேயே, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே, வாடிக்கையாளர்களுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டு ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். 300 வந்ததா என்று எழுதுங்கள்.